மரக்கால்

கவுடா நகரில் வீடுகளுக்குக் கால்கள் உண்டு.
நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன்
சேற்றில் அடித்து இறக்கிய பைன் மரங்கள்.
தண்ணீர் மூடியிருக்கும்வரை அவை சாவதில்லை.
நிலத்தடி நீர் ஒரு சாண் இறங்கினால் போதும்,
தலைப்பக்கம் உளுக்கத் தொடங்கும்.
மேலே வசிப்பவருக்குக் கதவு இறுகும்,
அவ்வளவுதான்.

நான் விற்பவரின் ஆள் இல்லை,
வங்கியின் ஆளும் இல்லை.
வீடு கைமாறினாலும் மாறாவிட்டாலும்
எனக்கு எழுநூற்றைம்பது யூரோ, ரசீதோடு.
வாசலிலேயே சொல்லிவிடுவேன்.
தலையாட்டுவார்கள்.
பிறகு தரகர் முகத்தைப் பார்ப்பார்கள்,
அவர் சிரிக்கிறாரா என்று.

வீட்ஸ்கா அழைத்தது செவ்வாய்க்கிழமை.
வெள்ளி மதியத்துக்குள் விலை எழுதித் தர வேண்டும்.
பதினோரு பேர் வரிசையில், என்றாராம் தரகர்.
ஆய்வு நிபந்தனை வேண்டாம் என்று எழுதினால்
உங்கள் தட்டு கொஞ்சம் தாழும், என்றாராம்.
ஷூர்ட் அதற்குள் மாடி அறையை அளந்து
தொட்டிலுக்குச் சுவர் தேர்ந்துவிட்டான்.
குழி தோண்ட விற்பவர் சம்மதித்ததே அதிசயம்.

கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன்.
யோசித்தது.
பிறகு தெருப்பக்கம் போயிற்று,
யாரோ கூப்பிட்ட மாதிரி.

வெளியே சுவரோரம் இடுப்பளவு குழி.
கறுப்பு மண், அழுகிய முட்டை வாசனை,
முழங்கால்வரை குளிர்.
ஊசியை மரத்தில் குத்தினேன்.
திடமான மரம் ஐந்து மில்லிமீட்டரில் தடுத்துவிடும்.
இது இருபத்தெட்டுவரை உள்ளே விட்டது,
பாலில் ஊறிய ரொட்டி போல, மரியாதையாக.
அடுத்த கால் முப்பத்தொன்று.
மூன்றாவதைக் குத்தவில்லை.
இல்லை, குத்தினேன். எழுத வேண்டுமே.

பத்தொன்பது பக்க அறிக்கையில்
'வாங்காதீர்கள்' என்ற சொல் எங்கும் கிடையாது.
அது என் வேலை இல்லை.
வியாழன் இரவு வீட்ஸ்கா தொலைபேசியில் கேட்டாள்:
உங்கள் காசாக இருந்தால்?
என் காசாக இருந்தால், என்றேன்,
அடித்தளத்துக்கு ஒரு லட்சம் எடுத்து வைத்துவிட்டு
மிச்சத்துக்குப் பேரம் பேசுவேன்.
மிச்சம் இல்லை, என்றாள்.
பின்னால் ஷூர்டின் குரல் கேட்டது:
இந்த அம்மாள் யாருக்காவது
ஆமாம் சொல்லியிருக்கிறாளா, கேள்.

சொல்லியிருக்கிறேன். நாற்பது தடவையாவது.
அவர்கள் யாரும் மறுபடி அழைத்ததில்லை.
இறுகாத கதவைப் பற்றி
யார் யாரிடம் பேசுவார்கள்?

பிப்ரவரியில் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போனேன்.
மாடியில் மஞ்சள் விளக்கு.
பன்னிரண்டாவது ஆள் வந்திருக்கிறார்,
நிபந்தனை எதுவும் எழுதாமல்.
அறிக்கை வீட்ஸ்காவின் சொத்து.
அவள் அனுமதியில்லாமல் ஒரு வரி நான் பேச முடியாது.
அந்த விதியினால்தான் என்னை நம்புகிறார்கள்.
அதே விதி பல்லிடுக்கில் சிக்கிய நார் போல
ஒரு வாரம் உறுத்தியது.
வீட்ஸ்காவை அழைத்தேன்.
காசு கொடுத்தது நாங்கள், என்றாள்.
வெகுநேரம் மௌனம்.
ஷூர்டைக் கேட்டுச் சொல்கிறேன்.
இன்னும் சொல்லவில்லை.

நேற்று அந்தக் கதவு கழற்றப்பட்டு
இரண்டு முக்காலிகளின் மேல் படுத்திருந்தது.
புதியவன் அதன் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தான்.
காலடியில் சுருள் சுருளாகச் சீவல்.
ஈரத்தில் ஊதிவிட்டது, என்றான் என்னைப் பார்த்து,
நான் கேட்காமலே.

கதவு நேராகத்தான் இருக்கிறது, தம்பி.
தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.
சட்டைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்து நீட்டினேன்.
பெயர், எண்,
'கட்டட ஆலோசனை, எவரையும் சாராதது.'

மரத்தூள் படிந்த விரல்களால் வாங்கினான்,
திருப்பிப் பார்த்தான்,
நல்ல பையன், சிரித்துக்கொண்டே கேட்டான்:
நீங்கள் என்ன விற்கிறீர்கள்?